ஏத்துப்பாட்டு

மதுரையிலிருந்து வந்த காலை ரயில், வைக்கோல் திணித்த மரப்பெட்டிகள் சிலவற்றைப் போடிநாயக்கனூர் நிலையத்தில் கொண்டுவந்து இறக்கியது. ஏலக்காய் வியாபாரி ஐசக் அவற்றை மாட்டுவண்டியில் ஏற்றித் தம் கடைக்குக் கொண்டுவந்து, ஆணிகளைத் தாமே பிடுங்கினார். உள்ளே இருந்தவை அவருடைய மகள் லில்லி சென்னையில் பாடிப் பதிவுசெய்த இசைத்தட்டுகள். மூன்று மூன்று தட்டுகளாக உறைகளில் இட்டு, புத்தகம்போல் அட்டை கட்டிய ஆல்பங்களாக அவை வந்திருந்தன. அட்டையின்மேல் 'ஏலப்பூ' என்று பச்சை எழுத்தில் அச்சிட்டிருந்தது. அதன்கீழே லில்லி சிரித்துக்கொண்டிருந்தாள்.

கடையில் நின்ற லில்லி சிரிக்கவில்லை.

'போடி லில்லி' என்ற பெயர் சில ஆண்டுகளாக வானொலியில் ஒலித்துவந்தது. எனினும் அதுவரை அவள் பாடியவை யாவும் பிறர் அமைத்துக் கொடுத்த மெட்டுகள். இந்த மூன்று தட்டுகளின் ஆறு பக்கங்களில்தான், அவள் கேட்டு வளர்ந்தவை அனைத்தும் ஒன்றோடொன்று கலந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமைக் கீர்த்தனையின் மெட்டு கும்மியின் தாளத்தில் நடந்தது. மலைக்கு அப்பாலிருந்து வரும் மலையாளத் தொழிலாளரின் படகுப்பாட்டுக்குக் கிளாரினெட் துணைபோனது. தாலாட்டுக்கு இடையே அக்கார்டியன் மூச்சுவிட்டது. இத்தகைய கலவை இதுவரை வெளிவந்ததில்லை என்று கம்பெனியார் பெருமையாகச் சொல்லியிருந்தனர்.

லில்லி ஓர் ஆல்பத்தை எடுத்து, மூன்றாவது தட்டை மட்டும் உறையிலிருந்து உருவினாள். ஐந்தாம் பக்கத்தைப் பார்த்தாள். பின்னர் அதைத் திருப்பி ஆறாம் பக்கத்தைப் பார்த்தாள். அரக்குத் தட்டில் அவளுடைய விரல்கள் ஈரமாகப் பதிந்தன.

"என்னம்மா, விரிசலா?" என்று ஐசக் கேட்டார்.

"இல்லப்பா."

"அப்புறம் ஏன் எழவு வீட்டுக்கு வந்தவ கணக்கா நிக்கிற? ஊரே வந்து நிக்குது பாரு."

ஊர் வந்துதான் நின்றது. முதல் ஆளாக ஓர் ஆல்பத்தை வாங்கியவர், குரங்கணிக்கு மேலுள்ள ஏலத்தோட்டத்தின் கணக்கப்பிள்ளை காசிராஜன். அதை அவர் குழந்தையைப்போல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"துரை சீமைக்குப் போயிட்டாரு. பங்களாவுல கிராமபோன் சும்மா தூசி அடைஞ்சு கெடக்கு. மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல நாந்தான் துரை, நாந்தான் பாட்டு," என்று சொல்லிவிட்டு, மலைக்குப் போகும் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

ஐசக் தொண்டையைச் செருமினார். "எல்லாரும் கேளுங்கப்பா. வெளியீடு இங்க இல்ல. இன்னைக்குக் குரங்கணியில கூலி போடுற நாள். காய் எடுக்குற சனம் பூராம் ஆத்தங்கரைக்கு இறங்கி வரும். பாட்டு எங்க பொறந்துச்சோ அங்கனதான் மொதத் தட்டு சுத்தணும். ஜக்கையன்கிட்ட மைக்செட்டுக்குச் சொல்லியாச்சு."

லில்லி தந்தையின் கையைப் பற்றிக் கடையின் உட்புறத்துக்கு அழைத்துச்சென்றாள். ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே நின்று, "குரங்கணி வேணாம்ப்பா," என்றாள். "சரி, போனாலும் மூணாவது தட்டெப் போட வேணாம்."

"ஏன்?"

"சின்னமுத்தண்ணே காதுல விழுந்துரும்."

ஐசக் அவளை வியப்போடு பார்த்தார். "நாம வேதக்காரங்க. மேட்டுக் கருப்புக்கு நீ எதுக்கும்மா பயப்படுற?"

"கருப்புக்கு நான் பயப்படலப்பா. அந்த அண்ணனோட காலுக்குப் பயப்படுறேன்."

அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது.

குரங்கணிக்கு மேலே, மலையின் உச்சியில், ஒரு நெட்டுக்கல் உண்டு. அதுவே மேட்டுக் கருப்பின் இருப்பிடம். ஆண்டுதோறும் முதற்காய் எடுப்பதற்கு முன், காய் எடுக்கும் பெண்கள் ஆற்றங்கரையில் கூடி இறக்குப்பாட்டைப் பாடுவார்கள். அதைக் கேட்டதும் கருப்பு மலையைவிட்டு இறங்கிச் சின்னமுத்துவின் உடம்பில் வரும். காட்டுக்குள் நுழைய உத்தரவு கொடுக்கும். வந்த சாமியைத் திரும்ப மலையேற்றுவதற்கு வேறொரு பாட்டு உண்டு, அது ஏத்துப்பாட்டு. அதைச் சின்னமுத்துவின் மனைவி வேலுத்தாய் ஒருத்தியே பாடுவாள். சாமி முன்னே நடக்கும். அவள் பின்னே பாடிக்கொண்டு போவாள். மலைப்பாதையில் உள்ள ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் அடி உண்டு. ஆத்துத்துறை, புளியடி, ரெட்டைப்பாறை, ஊத்து என்று அந்தந்த இடம் வரும்வரை அந்தந்த அடியைத் திரும்பத் திரும்பப் பாடவேண்டும். பாட்டு எந்த இடத்தைச் சொல்கிறதோ அந்த இடத்துக்கே சாமியின் கால் போகும். உச்சிக்கல்லைச் சொல்லி முடித்ததும் சாமி கல்லில் ஏறிவிடும். மனிதன் கீழே விழுந்து கண்விழிப்பான்.

பாதை ஊற்றுவரை நேராக ஏறும். அங்கு நின்று பார்த்தால் உச்சிக்கல் எதிரே, கைக்கெட்டும் தொலைவில் இருப்பதுபோல் தெரியும். அது கண்ணின் மயக்கம். ஊற்றுக்கும் உச்சிக்கல்லுக்கும் நடுவே கிடங்கு என்று ஊரார் சொல்லும் பெரும்பள்ளம் வாய்பிளந்து கிடக்கிறது. ஆகவே பாதை அங்கே இடப்புறம் ஒடிந்து, பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போகும். சின்னமுத்துவின் தகப்பன் மொக்கச்சாமியும் சாமியாடிதான். ஓர் ஆண்டு, ஏத்துப்பாட்டைப் பாடிய அவர் மனைவிக்கு ஊற்றின் அருகே இருமல் வந்தது. இருமி முடித்தவள் இடையில் உள்ள அடிகளைத் தவறவிட்டு உச்சிக்கல்லைச் சொல்லிவிட்டாள். மொக்கச்சாமி உச்சிக்கல்லை நோக்கி நேராகக் கால் எடுத்துவைத்தார். அவரைக் கிடங்கின் அடியிலிருந்து கயிறு கட்டித் தூக்கினார்கள்.

இதையெல்லாம் சொல்லித்தான் வேலுத்தாய் இரு பாட்டுகளையும் லில்லிக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள். "கூப்புட்டா அனுப்பணும் ஆத்தா. விருந்தாளியக் கூப்புட்டு, நடுவழியில வுட்டுட்டுப் போவியா?" என்று கேட்டு, கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

லில்லி அந்தச் சத்தியத்தைக் காக்கவே முயன்றாள். இறக்குப்பாட்டு ஐந்தாம் பக்கமென்றால், ஏத்துப்பாட்டு அதே தட்டின் மறுபக்கத்தில் இருந்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். கம்பெனியாரும் இசைந்தனர். ஆயினும் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பாட முடியும். இறக்குப்பாட்டு அதற்குள் அடங்கிற்று. ஏத்துப்பாட்டு அடங்கவில்லை.

"ஊசி நடுக்காகிதத்துல ஏறிடும் மிஸ் லில்லி," என்றார் இசையமைத்த தானியேல். நல்ல மனிதர், மாதா கோயிலில் ஆர்கன் வாசித்து வளர்ந்தவர். "மரம், பாறை, மூங்கில்னு வரிசையாப் போகுது. கேக்குறவனுக்கு என்ன தெரியப்போகுது? ஊத்துலேர்ந்து நேரா உச்சிக்குப் போயிடுவோம். அங்க நாலு குரல் சேந்து எழும்பட்டும். ஜனம் அழுதுடும்."

அவள் மறுத்தாள். அவர்கள் காத்திருந்தார்கள். வயலின்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். இறுதியில் அவள் பாடினாள். ஊற்றிலிருந்து உச்சிக்கு நாலு குரல்களோடு எழும்பும் அந்த இடம், உண்மையில், மிக அழகாகவே அமைந்துவிட்டது. அதனைச் சரியாக்க அவள் பன்முறை பாடிப் பழகவேண்டியிருந்தது. அழகு ஒரு செயலுக்கு நியாயம் ஆகாது என்பது அவளுக்கு இரயிலில் திரும்பும்போது விளங்கியது.

ஐசக் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மகளின் தலையைத் தடவினார்.

"சரிம்மா. மூணாவது தட்டு வேணாம். மொத ரெண்டு மட்டும் போடுவோம். போதுமா?"

"சின்னமுத்தண்ணே அங்க வருவாங்களா?"

"அவன் மேல் தோட்டத்துல இருக்கான். லோடு இறக்க சாயங்காலந்தான் வருவான். அதுக்குள்ள நம்ம சோலி முடிஞ்சிரும்."

தாம் சின்னமுத்துவுக்கு ஆள் அனுப்பி, புது வேட்டியும் மாலையும் வாங்கிவைத்து, "வெரசா இறங்கி வா, உன் பாட்டுக்கு மரியாதை செய்யப்போறோம்" என்று சொல்லியனுப்பியதை மட்டும் ஐசக் சொல்லவில்லை. அது வெளியீட்டின்போது மகளுக்குக் காட்டவிருந்த ஆச்சரியம். மூன்றாவது தட்டுத்தான் இல்லையென்று ஆகிவிட்டதே, இனி அவன் வந்தால் என்ன என்று அவர் நினைத்தார். அவர் நினைத்தது தவறன்று, நடந்தது வேறு.

லில்லி கடையில் பிரித்த ஆல்பத்திலிருந்து மூன்றாவது தட்டை எடுத்துத் துண்டில் சுற்றித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். ஜீப் குரங்கணிக்குப் போய்ச் சேரும்வரை அந்தப் பையை அவள் மடியிலிருந்து இறக்கவில்லை.

குரங்கணி ஆற்றங்கரையில் இலவமரத்தில் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டிவைத்திருந்தார் ஜக்கையன். ஒன்றின் வாய் ஊரை நோக்கியும், மற்றொன்றின் வாய் மலையை நோக்கியும் இருந்தன.

"ஜக்கண்ணே, மலையப் பாத்திருக்குறதத் திருப்புங்க," என்றாள் லில்லி.

"ஏன் தங்கச்சி? கொரங்குக்குச் சீட்டுக் கெடையாதா?" என்று அவர் சிரித்தார். கூடியிருந்த பெண்களும் சிரித்தார்கள்.

"ஏ ஜக்கையா, ஓம் மூஞ்சியப் பாத்தா கொரங்கு காசு குடுத்துட்டு ஓடிரும்டா," என்றாள் மொக்கம்மாள். கூலி வாங்கிய கையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவள், அங்கிருந்த காய் எடுப்பவர்களுள் வாய்த்துடுக்கு மிக்கவள்.

ஒலிபெருக்கி திரும்பவில்லை. முதல் தட்டு சுழன்றது. கீர்த்தனை மெட்டில் கும்மித் தாளம் விழுந்தபோது பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்களின் கைகள் தாமாகவே தட்டத் தொடங்கின. படகுப்பாட்டு வந்ததும், மலையாளத்துக் கூலிகள் இருவர் எழுந்து ஆடினார்கள். லில்லியின் நெஞ்சு முதன்முறையாக இளகியது. நாலாம் பக்கமும் முடிந்தது. தீங்கு கடந்துவிட்டது என்று அவள் எண்ணினாள்.

அப்போது ஐசக் அவளை மேடைக்கு அழைத்தார். தோட்டத்துப் பெண்கள் ஏலப்பூவும் கதம்பமும் சேர்த்துக் கட்டிய மாலையை அவள் கழுத்தில் போட்டார்கள். ஒரு கிழவி கன்னத்தைக் கிள்ளினாள். மற்றொருத்தி திருஷ்டி கழித்தாள். அந்தக் கைகளுக்கு நடுவே அவள் குனிந்திருந்த வேளையில், மொக்கம்மாளின் குரல் கேட்டது.

"எங்க பாட்டு எங்கடா ஜக்கையா? படகு ஓட்டுறவன் பாட்டெல்லாம் போட்டுட்ட. ஏலக்காரி பாட்டுக்கு மட்டும் ஊசி இல்லையாக்கும்?"

"மூணாவது தட்டெக் காணமே ஆத்தா."

"காணமா? அந்தா, பெட்டி நெறைய அடுக்கி வச்சிருக்கு. கண்ணு என்ன பின்னந்தலையிலயா இருக்கு?"

விற்பனைக்கென்று கொண்டுவந்த பெட்டியிலிருந்து ஜக்கையன் இன்னோர் ஆல்பத்தை எடுத்தார். லில்லி நிமிர்ந்தபோது ஊசி தட்டில் இறங்கிவிட்டது.

மேட்டுக் கருப்பா மேகம் எறங்குது
காட்டுக் கதவத் தொறந்து வா

அவளுடைய குரலேதான். வேறு வாத்தியம் எதுவும் இல்லாமல், உறுமி ஒன்று மட்டும் தாழ்ந்து முழங்க, அவள் பாடிய குரல். அதில் மட்டும் எதையும் கலக்க அவள் விடவில்லை. வேலுத்தாய் பாடியபடியே பாடியிருந்தாள். அதனால்தான் அது அவ்வளவு சரியாக இருந்தது. மலையைப் பார்த்த ஒலிபெருக்கி அதை வாங்கி, பாறைகளில் மோதி, இரண்டாகவும் மூன்றாகவும் திருப்பித் தந்தது.

"நிறுத்துங்கண்ணே!" என்று அவள் கூவியது மாலைகளுக்கும் கைத்தட்டலுக்கும் அடியில் அமுங்கியது.

பாதையில், புளியமரத்துக்குக் கீழே, தலையில் ஏலக்காய்ச் சாக்கோடு ஓர் ஆள் இறங்கி வந்துகொண்டிருந்தார். சாக்கு முதலில் விழுந்தது. அதன்பிறகு அவருடைய தோள்கள் குலுங்கின. சின்னமுத்து மூன்று எட்டில் ஆற்றைக் கடந்து, ஒலிபெருக்கியின் அடியில் வந்து நின்றார். கண்கள் திறந்திருந்தன, பார்வை இல்லை. உதடுகள் அடிபட்ட மாட்டின் உதடுகளைப்போல் நடுங்கின.

கூட்டம் விலகியது. "காலமில்லாத காலத்துல வந்துருக்கே," என்று யாரோ முணுமுணுத்தார்கள். "வேலுத்தாயி எங்க? கூப்புடுங்கடி வேலுத்தாயிய!"

"அவ இன்னும் மேல் தோட்டத்துல காய் எடுக்குறா. இறங்கி வர நேரமாகும்."

ஜக்கையன் கெட்டிக்காரர், ஊர் வழக்கம் அறிந்தவர். "அடுத்த பக்கந்தான் ஏத்துப்பாட்டு. அட்டையிலேயே போட்டிருக்கு. கவலய விடுங்க," என்று சொல்லித் தட்டைத் திருப்பினார்.

"வேணாம்ணே! அது வேணாம்! அதுல எடம் விட்டுப் போச்சு!"

"அனுப்ப வேணாமா தங்கச்சி? ஆளு செத்துருவான்."

அவர் செய்தது அறிவுள்ள எவரும் செய்யக்கூடிய செயல். ஊசி இறங்கியது. அக்கார்டியனும் கிளாரினெட்டும் ஒன்றாக எழுந்தன. ஆத்துத்துறை, புளியடி, ரெட்டைப்பாறை என்று அந்தப் பாட்டு நடனத்துக்கேற்ற தாளத்தில் துள்ளிக்கொண்டு போயிற்று. மனிதன் ஏறும் வேகத்தில் அது போகவில்லை. ஊத்தைச் சொன்னது. நாலு குரல்கள் எழும்பின. உச்சிக்கல்லைச் சொன்னது. முடிந்தது.

முழு வழியும் ஒரே மூச்சில் சின்னமுத்துவின் காதில் கொட்டப்பட்டுவிட்டது. அவர் திரும்பி ஆற்றில் இறங்கினார்.

மறிக்கப்போன இரண்டு ஆண்களை அவர் உதறியபோது அவர்கள் கூழாங்கற்களில் போய் விழுந்தார்கள். மலையேறும் சாமியைத் தொட்டால் ஆள் பிழைப்பதில்லை என்று மற்றவர்கள் ஒதுங்கினார்கள். ஐசக் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் அதற்குள் ஆற்றின் நடுவே இருந்தாள்.

புளியமரத்தை அவர் கடந்துவிட்டிருந்தார். லில்லி ஓடினாள். மாலை அறுந்து விழுந்தது. செருப்பு ஒன்று சேற்றில் நின்றுவிட்டது. ஓடும் மூச்சோடு பாட முடியாது என்பதைப் பாடகியான அவள் அறிவாள். ஆகவே நின்றாள், மூச்சை இழுத்தாள், பாடினாள்.

ரெட்டப்பாற நெழலு காயுது
நின்னு ஏறு சாமி, நெலம் பாத்து ஏறு

மேலே போய்க்கொண்டிருந்த உருவம் தயங்கியது. அதன் கால்கள் துள்ளுவதை விட்டு, ஏறுகிறவனின் கால்களைப்போல் ஊன்றின. அவள் அதே அடியைப் பாடிக்கொண்டே நெருங்கினாள். இரட்டைப் பாறை வந்தது, கடந்தது. ஊத்தின் அடியைத் தொடங்கினாள். அவருடைய முதுகு இப்போது கல்லெறி தூரத்தில் இருந்தது. சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. பாட்டு பிடிகொடுக்கிறது என்ற எண்ணம் அவளுக்கு வந்தது. அந்த எண்ணம் வந்த இடத்தில்தான் ஊற்றும் வந்தது.

எதிரே உச்சிக்கல் வெயிலில் நின்றது. எட்டிப்பிடிக்கலாம் என்பதுபோல் நின்றது. நடுவிலிருந்த கிடங்கிலிருந்து ஈரக் காற்று ஏறி அவளுடைய முகத்தில் மோதியது.

அடுத்த அடி என்ன?

பழகிய வாய் முந்திக்கொண்டது. நாலு குரல்களோடு பன்முறை பாடிய அந்த இடம் தானாகவே நாக்கில் எழும்பியது. "உச்சி—"

சின்னமுத்துவின் வலது கால் உயர்ந்தது.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாயில் இரத்தம் உப்பாகக் கரித்தது. உயர்ந்த கால் அந்தரத்தில் நின்றது. விரல்கள் அடுத்த இடத்தைத் தேடிக் காற்றைத் துழாவின. ஊன்றிய காலின் அடியிலிருந்து ஒரு கல் நழுவிப் பள்ளத்தில் விழுந்தது. அது விழுந்த ஓசை நெடுநேரம் கேட்கவில்லை.

வேலுத்தாய் சொல்லிக்கொடுத்த அடிகளை அவள் நினைவில் தேடினாள். சென்னையில், அந்த அறையில், அவற்றை மறந்தால்தான் புதிய பாட்டு சரியாக வரும் என்று தன்னைத் தானே பழக்கியிருந்தாள். பழக்கம் முழுமையாக வேலை செய்திருந்தது. ஒரு சொல்லும் இல்லை. தொண்டையில் ஊத்தின் அடி மட்டுமே இருந்தது. அதையே மறுபடியும் பாடினால் அவர் அங்கேயே நிற்பார்; ஆனால் எவ்வளவு நேரம் ஒருவன் பள்ளத்தின் விளிம்பில் ஒற்றைக்காலில் நிற்பான்?

அவள் இடப்புறம் பார்த்தாள். பாதையைச் செடி மூடியிருந்தது. ஜீப் தடம் வந்தபிறகு அந்தப் பக்கம் நடப்பவர் குறைந்துவிட்டனர். செடிகளுக்கு மேலே ஒரு மரம் தெரிந்தது. யாரோ வெட்டிய தழும்பிலிருந்து செந்நீர் வடிந்து உறைந்திருந்தது. வேங்கை மரம்.

அவள் கண்டதைப் பாடினாள். வேலுத்தாயின் சொற்கள் அவையல்ல. மெட்டு மட்டும் வேலுத்தாயுடையது.

வேங்கையடி செவந்து நிக்குது
வெலகி ஏறு சாமி, எடப்பக்கம் ஏறு

கால் இறங்கியது. முன்னே அல்ல, பக்கவாட்டில். சின்னமுத்து திரும்பினார்.

அதற்குமேல் அவள் எதையும் நினைவுகூர முயலவில்லை. பாதை எதைக் காட்டியதோ அதைச் சொன்னாள். நீர் கசிந்த பாறை வந்தது. வழுக்கும் என்று பாடினாள், அவர் குனிந்து கையூன்றிக் கடந்தார். மூங்கில் புதர் வழியை மடக்கியது. மடங்கு என்று பாடினாள், அவர் மடங்கினார். சொல்லத் தவறினால் என்ன ஆகும் என்ற அச்சம் ஒவ்வொரு திருப்பத்திலும் அவளுக்கு முன்னே போய் நின்றது. அவளுடைய குரல் பிளந்தது. காற்று மட்டும் வந்த இடங்களும் இருந்தன. பாதை முடிந்து வானம் வந்தபோதுதான், இடையிடையே கமறும் குரலில், உச்சிக்கல்லைச் சொன்னாள்.

சின்னமுத்து கல்லின்மேல் நெற்றியை வைத்தார். அதன்பிறகு வெட்டிய வாழைபோல் சாய்ந்தார். மூச்சு இருந்தது.

மறுபுறத்துச் சரிவிலிருந்து, இடுப்பில் காய்க்கூடையோடு, வேலுத்தாய் ஓடிவந்தாள். பாட்டு எங்கே முடியும் என்பதை அறிந்தவள் ஆகையால் கீழே இறங்காமல் நேரே உச்சிக்கு வந்திருந்தாள். கணவனின் தலையை மடியில் எடுத்து, மூக்கின் அருகே விரல் வைத்துப் பார்த்தாள். பிறகுதான் லில்லியைப் பார்த்தாள்.

"கீழேருந்து ரெண்டாவதாக் கேட்டுச்சே, தட்டுப் பாட்டு. ஊத்துக்கு அப்புறம் நேரா உச்சின்னு."

"ஆமாக்கா."

"எனக்கு அங்கனயே உசுரு போயிருச்சு." அவளுடைய குரலில் கோபம் இல்லை, அதனால் கேட்பதற்குக் கடினமாக இருந்தது. "அப்புறம் எப்பிடிக் கொண்டாந்து சேத்த?"

"மறந்துபோச்சுக்கா. பாத்ததப் பாடுனேன்."

"எனக்குச் சொல்லித்தந்த மாமியாளும் அம்புட்டுத்தான் செஞ்சா. நானும் அம்புட்டுத்தான்," என்றாள் வேலுத்தாய். முந்தானையால் கணவனின் வாயோரத்து நுரையைத் துடைத்தாள். "அது கெடக்கட்டும். இந்த மாதிரித் தட்டு எத்தன இருக்கு ஆத்தா?"

கடையில் இருந்த பெட்டிகள் லில்லியின் கண்முன் வந்தன. மதுரையிலும் திருச்சியிலும் சென்னையிலும் அதே காலையில் திறக்கப்பட்டிருக்கும் பெட்டிகளும் வந்தன.

"மலைக்கு மேல எவனும் வாங்கலயே?"

காசிராஜன் ஆல்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறியது அப்போதுதான் லில்லியின் நினைவுக்கு வந்தது. அவள் தலையைத் திருப்பினாள். கிடங்குக்கு அப்பால், எதிர்ச்சரிவில், துரை பங்களாவின் தகரக் கூரை பளபளத்தது. சன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. சாப்பாட்டு வேளை கடந்துவிட்டிருந்தது.

படகுப்பாட்டின் கடைசி வரி பள்ளத்தைத் தாண்டி மெல்லிதாக வந்து ஓய்ந்தது. சிறிது நேரம் ஒன்றும் இல்லை. தட்டு மாற்றும் நேரம்.

"அண்ணன் காதப் பொத்துக்கா," என்றாள் லில்லி.

உறுமி முழங்கியது. மேட்டுக் கருப்பா என்று அவளுடைய குரல், சிறிதும் களைப்பில்லாமல், எதிர்ச்சரிவிலிருந்து கூப்பிட்டது. அந்தக் குரலுக்கும் சின்னமுத்துவுக்கும் நடுவே கிடங்கைத் தவிர வேறு எதுவும் இல்லை. வேலுத்தாய் இரு உள்ளங்கைகளாலும் கணவனின் காதுகளை அழுத்தி, தன் உடம்பு முழுவதையும் அவர்மேல் கவிழ்த்துக்கொண்டாள். அவருடைய கால்விரல்கள் மண்ணைப் பற்றின.

லில்லி அவருடைய காலடியில் மண்டியிட்டாள். அனுப்புவதற்கு இனி மேலே இடம் இல்லை, இருத்திவைக்கத்தான் வேண்டும். கடைசி அடியை, உச்சிக்கல்லில் அமரச் சொல்லும் அடியை, கிழிந்த தொண்டையோடு அவள் பாடினாள். எதிரே தன் குரல் வா என்றது. இங்கே தன் குரல் இரு என்றது. அந்தக் குரலுக்கு உறுமியின் துணை இருந்தது, இதற்கு இல்லை. அந்தக் குரலுக்கு வலி இல்லை, இதற்கு இருந்தது. கால்விரல்கள் விரிந்தன, மடங்கின, விரிந்தன.

ஐந்தாம் பக்கம் முடிந்தது.

சின்னமுத்துவின் கணுக்கால்களை இரு கைகளாலும் பிடித்தபடி, லில்லி பங்களாவின் திறந்த சன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காசிராஜனுக்குப் பாட்டு பிடித்துப்போயிருந்தால் அதே பக்கத்தை மறுபடியும் வைப்பார். பிடிக்காவிட்டால் தட்டைத் திருப்புவார், வழி விட்டுப்போன ஆறாம் பக்கம் ஒலிக்கும். இரண்டில் எது நடக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்வது என அவளுக்குத் தெரியவில்லை.

அவள் மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டாள்.